கேரியரில் கட்டிய ட்யூப்

வண்டியை வாங்க வந்த சீனி முதலில் விலையைக் கேட்கவில்லை. பெட்ரோல் டாங்கின் அடியிலிருந்து கிளம்பி, இன்ஜினுக்குப் பின்னால் இறங்கி, கால்மிதி உயரத்தில் எதிலும் சேராமல் நிற்கும் கறுப்பு ட்யூபைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது எங்கன போய்ச் சேரணும்க்கா?" என்று கேட்டான்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"எங்கயும் சேர வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அதை அந்த இடத்துக்குக் கொண்டுவர என் அத்தானுக்கு இரண்டு கோடையும் ஒரு மழைக்காலமும் ஆனது. தேவஆசீர்வாதம் என்பது அவர் பெயர். என் அக்கா எஸ்தர்ராணியின் கணவர். போன ஆகஸ்டில் ஒரு காலையில், காப்பி ஆறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முகத்துக்கு முன்னால் வண்டிதான் வந்து நிற்கிறது. அதன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அத்தான் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் துணி வெட்டுகிற வேலையில் இருந்தார். அக்காவைக் கட்டியபின் புதூருக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். இங்கே ஆண்கள் ஆடுகளோடு போய்விடுவார்கள், அல்லது வெளியூர் வேலைக்கு. வீட்டில் இருக்கும் பெண்களுக்குத் தையல் தெரியும், மெஷினும் இருந்தது. துணிதான் இல்லை. அத்தான் தன் பழைய முதலாளியிடம் பேசி, வெட்டிய நைட்டித் துணிகளை இங்கே கொண்டுவந்து கொடுத்து, தைத்ததைத் திரும்பக் கொண்டுபோகும் வேலையைத் தொடங்கினார். அதற்கு 'லைன்' என்று பெயர். வாரம் முழுவதும் ஊர் ஊராகப் போவார். சனிக்கிழமை தைத்த கட்டுகளோடு புதியம்புத்தூர். மதியத்துக்குள் கட்டு யூனிட்டுக்குள் போனால் அன்றைக்கே பெண்களின் கூலி அவர் கைக்கு வரும். பிந்தினால் அடுத்த சனிதான்.

இவ்வளவும் ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் நின்றது. அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி முதல் கோடை வந்ததுமே அது சரியாக ஓடாமல் போனது.

எப்போதும் கெட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நாலு நாள் நன்றாக ஓடும். ஒரு நாள், பெரும்பாலும் சனிக்கிழமை, மெயின் ரோடு ஏறியதும் இருமத் தொடங்கும். குலுக்கும், கறுப்புப் புகை தள்ளும், நின்றுவிடும். உதைத்தால் ஒருமுறை வெடித்துவிட்டு மறுபடி நிற்கும். பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருக்கும். துடைத்துப் போட்டால் கொஞ்ச தூரம். மறுபடி துடைத்தால் இன்னும் கொஞ்ச தூரம். பாதி வழி போனபின், எதுவுமே நடக்காததுபோல் சீராக ஓடும்.

புதூரில் மெக்கானிக் யோகராஜிடம் கொண்டுபோய் நிறுத்தும்போதும் அது சீராகத்தான் ஓடும்.

"நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி. உங்களுக்கு என்ன வேணும்?"

"இப்ப ஓடும். சனிக்கிழமை ஓடாது."

"அப்ப சனிக்கிழமை கொண்டாங்க."

"சனிக்கிழமைதான் ஓடாதுங்கேன்லா. எப்படிக் கொண்டார?"

யோகராஜ் கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்தார். பிளக்கை மாற்றினார், காற்று வடிகட்டியை மாற்றினார், பிளக்குக்குப் போகும் வயரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அத்தான் இனிமேல் சரி என்று நம்பிக்கொண்டு வருவார். வண்டியைக் கிளப்பும்போது மெதுவாக "ஸ்தோத்திரம்" சொல்வது அவர் வழக்கம். அந்தக் கோடையில் அது வரவரச் சத்தமாகக் கேட்கத் தொடங்கியது.

தைக்கும் பெண்களில் முத்துத்தாய்க்கு வாய் அதிகம். அவள் வீட்டில் கிடை நிறைய ஆடு. "அண்ணாச்சி வண்டி வெடிக்க சத்தம் கேட்டா எங்க கிடாயெல்லாம் தலையத் தூக்கிப் பாக்குது. தீவாளி வந்துட்டுன்னு நெனச்சுக்கிடுது போல" என்பாள். அத்தான் சிரிப்பார். ஆனால் கட்டு பிந்திய வாரங்களில் அவள் வீட்டு வாசலுக்குக் கடைசியாகத்தான் போவார். கூலி வரவில்லை என்று அவளிடம் சொல்வது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

வீட்டில் அக்கா விடமாட்டாள். "அவியளுக்கு என்னைய விட அந்த வண்டிகிட்டதான் பேச்சு. ராத்திரி கேட்டா பிளக்கு, காலைல கேட்டா பிளக்கு. சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை வேற."

"நீ ஓடுத எஸ்தர். அது ஓடலயே" என்பார் அத்தான்.

கடைசியில் அவர் பெட்ரோல் மேல் பழியைப் போட்டார். அதில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று பங்கில் சண்டை. வேறு பங்குக்கு மாறினார். அங்கேயும் அதே கதை. அதற்கப்புறமும் எந்தப் பங்கிலும் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பங்க் தூரம். உள்ளூரில் பாட்டிலில் விற்பதை வாங்க அவருக்குப் பிடிக்காது. அதனால் பங்குக்குப் போனால் கழுத்து வரைக்கும் நிரப்புவார். அவர் மட்டுமல்ல, இந்தப் பக்கம் எல்லோருமே அப்படித்தான். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றி, "இன்னும் பிடிக்கும், ஊத்துப்பா" என்று மூடியைத் தொடும்வரை ஊற்றச் சொல்வார்கள். ஒரு சொட்டைக்கூட விட்டுவிட்டு வர மனசு வராது. பிறகு பக்கத்துக் கடையில் ஒரு டீ. நிழல் கிடையாது. வண்டி வெயிலில் நிற்கும்.

இது எங்கள் கண்முன்னால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்தது. யாருக்கும் தோன்றவில்லை.

இதற்குள் யூனிட்டில் கட்டுகளை வாங்கிச் சரிபார்க்கும் கண்ணுசாமி பொறுமை இழந்துவிட்டார். லோடு ஆட்டோக்காரர் ஒருவர் லைனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று போனில் சொன்னார். "இன்னொரு சனி பிந்துச்சுன்னா என்னைக் குத்தம் சொல்லாதீரும்" என்றார். அத்தான் போனை வைத்துவிட்டு முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அடிக்கவும் முடியாது, கெஞ்சவும் முடியாது.

அடுத்த வருஷம் மே மாதத்தில் ஒரு நாள் என்னை எட்டயபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவர், வழியில் பெட்ரோல் போட்டார். பங்கைத் தாண்டியதும் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கும் கரிசல், ஒரு உடைமரம்கூட இல்லை. உதைத்து உதைத்துக் களைத்துப்போய், கோபத்தில் இன்ஜின் பக்கம் கைக்குக் கிடைத்த ஒரு ட்யூபைப் பிடித்து இழுத்தார். அது கழன்று வந்தது. அது மாட்டியிருந்த கறுப்பு டப்பாவிலிருந்து பெட்ரோல் கொட்டியது.

"ஏட்டி வினோ, இங்க பாரு. இந்த டப்பாவுக்குள்ள என்னட்டி பெட்ரோல்?"

வண்டியைப் புதூருக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது யோகராஜ் விளக்கினார். வெயிலில் டாங்குக்குள் கிளம்பும் ஆவி வெளியே போகாமல் அந்த டப்பாவுக்குப் போகும். உள்ளே இருக்கும் கரி அதைப் பிடித்துவைத்து, ஓடும்போது இன்ஜினுக்குக் கொடுக்கும். ஆவிதான் போக வேண்டும், பெட்ரோல் போகக் கூடாது. "டப்பா கெட்டுப்போச்சு அண்ணாச்சி. புதுசு சொல்லணும், வரதுக்கு நாளாகும்."

"அதைத் தூரப் போட்டா என்ன?"

"கம்பெனி வச்சது. நான் கழட்ட மாட்டேன். நாளைக்குப் புகை டெஸ்ட்ல கேட்டா யோகராஜ்தான் கழட்டுனாம்பீங்க."

அத்தானே கழற்றினார். டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார். கார்புரேட்டர் பக்கம் திறந்த வாயை ரப்பர் மூடியால் அடைத்து, அக்காவின் மெஷின் நூலால் இறுகக் கட்டினார். டாங்கிலிருந்து வரும் ட்யூபை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். கீழே விட்டால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை.

"நீ காலேஜ்ல படிச்சவ, கரிசல்ல ஓட்டுனவ இல்ல. ஒரு மழை பெஞ்சா சக்கரமே சுத்தாது. முட்டுக்குக் கீழ எதைத் தொங்கவிட்டாலும் சேறு அடைச்சிரும். டாங்க் மூச்சு முட்டி நின்னுரும்."

அவர் சொன்னது உண்மை. மழைக்காலத்தில் மட்கார்டுக்குள் அப்பிய சேற்றைக் குச்சியால் நோண்டி நோண்டி வீடு வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ட்யூபை நீளமாக்கி, சீட்டுக்கு அடியில் கொண்டுபோய், உயரத்தில், பின் கேரியர் கம்பியில் கட்டினார்.

அந்த வாரம் வண்டி புதிதுபோல் ஓடியது. டாங்கில் பாதிதான் பெட்ரோல் இருந்தது. அக்காகூட வாயைத் திறக்கவில்லை. முத்துத்தாய் மட்டும், "இப்ப ஆடு பயப்படாது, அண்ணாச்சி வாரது எங்களுக்குத் தெரியாதே" என்றாள்.

சனிக்கிழமை நானும் போனேன். அக்காவுக்கு ஊசியும் நூல்கண்டும் வாங்க வேண்டியிருந்தது. கேரியரில் கட்டு, நடுவில் நான். பங்கில் வழக்கம்போல ஆட்டி ஆட்டிக் கழுத்து வரைக்கும். டீ. கிளம்பியதும் ஒரு குலுக்கல் இல்லை. அத்தான் பாட்டே பாடினார்.

"அத்தான், பெட்ரோல் வாடை அடிக்கி."

"பங்க்ல கையில பட்டுருக்கும்டி."

"கையில பட்டா இவ்வளவு அடிக்குமா?"

"வண்டி நல்லா ஓடுதது உனக்குப் பொறுக்கல."

பதினொரு மணிக்கெல்லாம் யூனிட் வாசலில் நின்றோம். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு கட்டு நேரத்துக்கு வந்திருக்கிறது. அத்தான் அதை மேஜையில் வைத்த விதத்திலேயே அது தெரிந்தது. கண்ணுசாமி முடிச்சை அவிழ்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடுவில் இருந்த நைட்டிகள் ஈரமாக இருந்தன. ட்யூபின் உள் அழுக்கெல்லாம் கரைந்து கறுப்புக் கறுப்பாகப் படிந்து, பூப்போட்ட துணியில் சாயம் ஓடியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, பெட்ரோல்ல தைச்சுக் கொண்டாந்திருக்கீரு? இதைப் போட்டுக்கிட்டு அடுப்புகிட்டயா நிக்கச் சொல்லுதீரு பொம்பளையள?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. ஒரு நைட்டியை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்து முகர்ந்தார். ஏதாவது ஒன்றாவது தப்பியிருக்கும் என்பதுபோல் கடைசிவரை முகர்ந்துகொண்டே இருந்தார்.

கட்டைத் திரும்பக் கொண்டுவந்தோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. லாரித் தண்ணீர் வாங்கி அலசினோம். வாடை போனது, கறை எல்லாவற்றிலும் போகவில்லை. முத்துத்தாய் உட்கார்ந்து கசக்கினாள், ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுதான் அத்தானுக்கு வலித்திருக்க வேண்டும்.

ரோட்டோர ஊர்களைக் கண்ணுசாமி லோடு ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டார். உள்ளே இருக்கும் எங்கள் ஊர்களை அத்தானுக்கே விட்டார். இரக்கத்தால் அல்ல. மழை பெய்தால் ஆட்டோ இங்கே வராது.

அடுத்த முறை பெட்ரோல் போட்டபோது அத்தான் டீ குடிக்கவில்லையாம். வண்டிக்குப் பின்னால் வெறும் கேரியரைப் பார்த்தபடி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வெயில் ஏற ஏற, ட்யூபின் நுனியில் ஒரு சொட்டு வந்தது. விழுந்தது. இன்னொன்று வந்தது. கழுத்து வரை நிரப்பிய டாங்கில் பெட்ரோல் சூட்டில் பெருகி, போக வேறு வழியில்லாமல் ஆவி போகும் வழியில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பு டப்பாவுக்கு, இப்போது நைட்டிக்கு.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டு, "ஒரு விரக்கடை கொறச்சு ஊத்தியிருந்தா அந்த டப்பாவே கெட்டுருக்காது எஸ்தர். அதைக் கழட்டியே இருக்க வேண்டாம்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதன்பின் ட்யூபை வெட்டிக் கீழே இறக்கினார். நுனியைச் சாய்வாக நறுக்கினார். மழைக்காலத்தில் தினமும் ஈர்க்குச்சியால் அதிலிருந்த சேற்றைத் தள்ளினார். பங்கில் ஒரு விரற்கடை குறைத்து ஊற்றச் சொன்னார். வண்டி நிற்கவே இல்லை. அப்படி நிற்காமல் ஓடிய வண்டியை அவர் ஓட்டியது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும்தான். மீதி நாளெல்லாம் ரோட்டோரத்தில் பிளக்கைத் துடைத்தே கழிந்தது. அதை நினைத்தால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

லைனை இப்போது சீனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கழுகுமலைப் பக்கத்துப் பையன், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவன். இந்தச் சுற்றுக்குப் பழகிய வண்டி என்று அத்தானுடையதையே கேட்டான். அக்கா கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது நான் இரண்டு விஷயம் சொன்னேன். கழுத்து வரைக்கும் நிரப்பாதே. ட்யூபை அதன் இடத்திலேயே விடு. "சரிக்கா, சரிக்கா" என்றான்.

நேற்று அவன் வெட்டிய துணிக்கட்டை இறக்கிவைத்துவிட்டு அவசரமாகக் கிளம்பினான். வண்டி திரும்பும்போது பார்த்தேன். ட்யூப் கீழே இல்லை. நீளம் சேர்த்து, கேரியர் கம்பியில் கட்டியிருந்தது.

"தம்பி, அதை ஏன் மேல கட்டுன?"

"கீழ கெடந்தா சேறு அடைச்சிரும்லாக்கா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

அக்கா கட்டை அவிழ்த்து, மேலே இருந்த துணியை எடுத்தாள். அத்தான் சட்டையில் அடிக்கும் அதே பெட்ரோல் வாடை நான் நின்ற இடத்துக்கே வந்தது. சொல்லித்தானே கொடுத்தேன் என்று கத்திக்கொண்டு, அவனைக் கூப்பிட போனை எடுத்தேன்.

"விடுட்டி. நாளைக்குச் சொல்லிக்கிடலாம்" என்றாள் அக்கா.

"துணி பாழாயிரும்க்கா. அதையாவது வெயில்ல போடு."

"போடுதேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை விரலால் நீவியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.