பத்தாவது வாக்கியம்

மருத்துவமனை மருந்துக் கிடங்கில் அவரைப் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர்பெட்டியின் வெப்பநிலையை நான்கு டிகிரி என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போக அவரால் முடியாது. நான்கு புள்ளி இரண்டு என்று எழுதுவார். பத்தொன்பது வருடமாகக் காலை எட்டரைக்கு ஒரு முறை, மாலை நாலரைக்கு ஒரு முறை. அவர் விடுப்பு எடுத்த நாட்களின் கட்டத்தில் வேறு ஆள் எழுத்து இருக்கும். பக்கத்தைப் புரட்டும்போது அது கண்ணில் பட்டால் அவருக்குப் பல் கூசும்.

கிடங்குத் தலைவர் பதவி காலியானது. மூப்புப்படி அது புள்ளிக்கு வரவேண்டியது. ஆனால் வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள் என்பதால், ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் தேறியவருக்குத்தான் பதவி என்று சுற்றறிக்கை வந்தது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. புள்ளி இரண்டில் தோற்றுவிட்டார். மூன்றாவதும் போனால், அவருக்குக் கீழே இருக்கும் ரைட்டு தலைவராகிவிடுவான். யார் எதைச் சொன்னாலும் ‘ரைட்டு’ என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். மாலை வெப்பநிலையைக் காலையிலேயே எழுதிவைத்துவிடும் ஆள். சம்பளம் போனால் போகிறது, பதிவேடு அவன் கைக்குப் போவதைத்தான் புள்ளியால் பொறுக்க முடியவில்லை.

பரீட்சை அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. தேர்வாளர் பத்து வாக்கியம் சொல்வார், கேட்பவர் ஒத்துக்கொள்ளவேண்டும். எனக்குக் காபி பிடிக்கும் என்றால் ‘சோ டூ ஐ’, எனக்கும்தான் என்று பொருள். பிடிக்காது என்றால் ‘நைதர் டூ ஐ’, எனக்கும் பிடிக்காது. ஏழு சரியானால் தேர்ச்சி. விதியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உண்மையில்லாததற்கு ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. முதல் தடவை, ‘நான் சீக்கிரம் எழுவதில்லை’ என்று தேர்வாளர் அம்மாள் சொல்ல, ‘நான் நாலு ஐம்பதுக்கு எழுவேன் மேடம்’ என்றார். இரண்டாம் தடவை, ‘எனக்கு அண்ணன் இல்லை’ என்றதற்கு, ‘எனக்கு இரண்டு பேர், ஒருவர் தவறிவிட்டார்’ என்றார்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறவர். கடைசி வாரம் முழுக்க, வேலை விட்டு வந்ததும் கணவரை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்.

“ஐ லைக் காபி. ம், சொல்லுங்க.”

“உனக்கு எங்க காபி புடிக்கும்? இருபத்தாறு வருஷமா டீதானே குடிக்கிற?”

“அடக் கடவுளே! ஒத்துக்கிட்டா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?”

“நீ சொல்றது ஒரு பொய். நானும் ஆமான்னா ரெண்டாயிடும்.”

“என் பொண்ணு ரொம்ப அமைதின்னு எங்கப்பா சொன்னாரே, அப்ப மட்டும் எப்படித் தலையாட்டினீங்க?”

“அப்ப எனக்கு விவரம் தெரியாது.”

கையிலிருந்த தாளாலேயே அவர் தோளில் ஒரு அடி விழுந்தது. பிறகு மனைவியே ஒரு வழி சொன்னார். “யோசிக்காதீங்க. காதுல வாங்கி அப்படியே வாய் வழியா விட்டுடுங்க.” அது வேலை செய்தது. புதன்கிழமைக்குள் வீட்டில் பத்துக்கு எட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்குக் கூப்பிட்டார்கள். தேர்வாளர் அம்மாளுக்குப் பக்கத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாய் பிடிக்கும் என்றார் அம்மாள். நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடும் புள்ளி, ‘சோ டூ ஐ’ என்றார். நான் மீன் சாப்பிடுவதில்லை என்றதற்கு, டிபன் பெட்டியில் மீன் இருக்க, ‘நைதர் டூ ஐ’ என்றார். மூன்று இடத்தில் நாக்கு தடுமாறியது. ஒன்பது முடிந்தபோது ஆறு சரி.

“கடைசி ஒண்ணு நான் கேக்கறேன்” என்று கண்காணிப்பாளர் முன்னால் நகர்ந்தார். தெரிந்த விஷயமாக இருந்தால் புள்ளிக்குச் சுலபம் என்று நினைத்தாரோ என்னவோ, நம் குளிர்பெட்டிகள் ஒரு தடவைகூட ஓடாமல் நின்று நான் பார்த்ததில்லை என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்.

‘நைதர் ஹேவ் ஐ’, நானும் பார்த்ததில்லை, என்றால் முடிந்தது. ‘நைதர்’ வந்துவிட்டது. ‘ஹேவ் ஐ’ பாக்கி.

“சார், போன வருஷம் மார்ச் பதினாலு. ரெண்டாம் நம்பர் பெட்டி. மத்தியானம் ரெண்டு பத்துலேருந்து அஞ்சம்பது வரைக்கும் நின்னுச்சு. அறுபத்திரண்டு குப்பியைத் தூக்கிப் போட்டோம்.”

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். “சார், இது இங்கிலீஷ் டெஸ்ட். இன்னும் ரெண்டே வார்த்தைதான்!”

“தெரியும் மேடம்.”

“அப்ப சொல்லித் தொலைங்களேன்!”

“பெட்டி நின்னுச்சே மேடம். பதிவேட்டுல அந்தப் பக்கத்துல சார் கையெழுத்துகூட இருக்கு.”

கண்காணிப்பாளரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அம்மாள் ஆறு என்று எழுதி வட்டம் போட்டார்.

அடுத்து உள்ளே போன ரைட்டுக்குப் பத்துக்குப் பத்து. “ஏன்ணே, மார்ச் பதினாலெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்றான்.

“எனக்கு இருக்குடா.”

“ரைட்டு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாலரைக்குப் புள்ளி பதிவேட்டைத் திறந்தார். மாலைக் கட்டத்தில் அவனுடைய எழுத்தில் ‘4’ என்று ஏற்கெனவே இருந்தது. ஒற்றைக் கோடு போட்டு அடித்தார். பெட்டியைப் பார்த்து 4.6 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை ரைட்டு தலைவராகிவிட்டால், அவன் எழுதியதை அடிக்கிற அதிகாரமும் கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் மேலேயே ஆத்திரம். நாயையும் மீனையும் விழுங்கின வாய், ஒரு குளிர்பெட்டியை விழுங்கக்கூடாதா? வாசலில் சைக்கிளை நிறுத்தினால் அது நிற்காமல் இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை அதை அப்படியே சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார்.

மனைவி முழுக்கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டப்போகிறார் என்று புள்ளி காத்திருந்தார்.

“எனக்கு இந்தப் பரீட்சையே புடிக்கலைங்க.”

“நைதர் டூ ஐ.”

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். “இப்ப வருது பாரு, எண்ணெய் போட்ட மாதிரி!”