போடிச் சாப்பாட்டில் ஏலக்காய்

கொழும்பில் ஓர் ஏலக்காய் மண்டியில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மனைவியை அழைத்துப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு அவளுக்கு இறங்கவில்லை; பாதி நாள் பட்டினி. சொந்த ஊரான போடிக்கே போய்விடுகிறேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். வாடகை வீட்டில் அடுப்பு மூட்ட அனுமதியில்லை. கொச்சிக்கடைப் பக்கம் 'அசல் போடிச் சாப்பாடு' என்று எழுதிய பலகையைப் பார்த்ததும், இனி இருந்துவிடுவாள் என்று நம்பிக் கூட்டிப் போனேன்.

மொச்சைக் குழம்பு வந்தது. ஒரு வாய் வைத்தாள். பிறகு இலையோரத்தில் ஏலக்காய்களைப் பொறுக்கி வைக்கத் தொடங்கினாள்.

சமையல்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"

"தேவாரம், தாயி. போடிக்குப் பக்கந்தான்."

"தேவாரத்துல எந்த வீட்டுல மொச்சைக் குழம்புல ஏலக்காயப் போடுறாக?"

அவர் சிரித்தார். "போடின்னா ஏலக்காதான இந்தக் கொழும்புக்காரவுகளுக்குத் தெரியும்? வாசம் இல்லேன்னா அசல் இல்லேன்னு எந்திரிச்சுப் போறாக."

"எங்களுக்கு மட்டும் தனியா ஆக்குங்களேன்."

"ஒரே சட்டி தாயி. நானே ராத்திரி ரொட்டியும் தேங்காச் சம்பலுந்தான் திங்கிறேன்."

போடிமெட்டுச் சரிவில் பத்து வயது முதல் ஏலக்காய் எடுத்தவள் அவள். சாயங்காலம் கங்காணி பெண்களின் மடியை உதறச் சொல்வார். காயைத் தின்றிருப்பாளோ என்று சந்தேகம் வந்தால் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பார். வாசம் அடித்தால் அன்றைய கூலி கிடையாது. எங்கள் பக்கம் ஏலக்காய் விற்கிற பொருள். பொங்கலுக்குப் பாயசத்தில் ஒன்றிரண்டு தட்டிப் போடுவதே பெரிய காரியம்.

"கையலம்புங்க, போவோம்" என்றாள். வெளியே வந்தபின், "ஊதிக் காட்டுன வாயிங்க இது. அதுல எப்படி இறங்கும்?" என்றாள். அந்த வாரமே, கப்பலேறி ஊர் போக, அவளைத் தலைமன்னார் ரயிலில் ஏற்றிவிட்டேன்.

அதன்பின் தினமும் அந்த ஓட்டலில்தான் சாப்பிட்டேன். வேறெங்கே போவது?

ஒரு வருடம் கழித்து அவளைத் திரும்ப அழைத்துப்போகப் போடி வந்தேன். தனி வீடு பார்த்திருந்தேன், அடுப்பு மூட்டலாம். அதைச் சொன்னேன். யோசித்தாள், முகம் இளகியிருந்தது. மொச்சைக் குழம்பு வைத்திருந்தாள். முதல் கவளத்திலேயே எனக்கு ஏதோ குறைந்தது. இன்னதென்று தெரியாமல் இரண்டாம் முறை கரண்டியால் அள்ளி, ஊற்றிக்கொள்ளாமல் மோந்து பார்த்தேன்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஏலக்காயத் தேடுறீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கரண்டியை வாங்கிச் சட்டியில் போட்டு மூடிவிட்டாள்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். "எனக்கு நாளைக்கு மலையில சோலி இருக்கு."