மாமாவுக்கு வைத்த அரைப் போத்தல்

டொரண்டோவில் என் மகள் கவிதா பஸ்ஸில் தள்ளாடினால் நாலு பேர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு இது விசித்திரம்தான். இலங்கை மலையகத்தில், எங்கள் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒருவர் தள்ளாடினால் முதலில் வாயைத்தான் மோந்து பார்ப்பார்கள்.

கவிதாவுக்கு முதலில் கால் பின்னியது. பிறகு காது மந்தமானது, வலிப்பு வந்தது. உடம்புக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு, மூளையும் நரம்பும் அதனால் சோர்கின்றன, இந்த வகை தாய்வழியாகத்தான் வரும் என்றார் டாக்டர். அம்மா பக்கம் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். "ஒரு மாமா தள்ளாடுவார். அது குடி" என்றேன். எவ்வளவு குடிப்பார் என்றார். எண்ணிப் பார்த்தேன். மாமா குடித்து நான் பார்த்ததே இல்லை. நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, டாக்டர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மாமா அம்மாவின் தம்பி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போய், மலை ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவார். "இன்னிக்கும் ஊத்திட்டு வந்துட்டியாடா?" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா திருப்பி அனுப்புவார். மாமா, அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் அம்மாவைப் பார்ப்பார். இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். செத்தவர்களுக்குப் பிடித்ததைத் தீபாவளிப் படையலில் வைப்பது எங்கள் வழக்கம். அம்மாவே அரைப் போத்தல் சாராயம் வாங்கி வைப்பார். இங்கே நானும் வருஷம் தவறாமல் வைத்தேன்.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அவன் வாயில வச்சதே இல்ல தாயி. நோவுன்னு சொன்னா ஒங்க ரெண்டு பேரையும் எவன் கட்டுவான்? குடிகாரன் இல்லாத வீடு எந்த லயத்துல இருக்கு? ஊர் சொன்னது சொல்லட்டும்னு விட்டுட்டோம்."

"எனக்குக்கூடச் சொல்லலையேம்மா."

"சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பியா? தங்கச்சிக்கிட்ட ஒளறிராத. அவ மகளுக்குச் சம்பந்தம் பேசி வச்சிருக்கு."

ஊரார் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். பெற்றவளை என்ன சொல்லித் திட்டுவது? மாமாவின் பெயரைக் கெடுத்து எனக்குத் தாலி வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தாலிக்குப் பிறந்தவள் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

ஹட்டனில் இருக்கும் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகளுக்கும் காது சரியாகக் கேட்பதில்லை என்று முன்பே சொல்லியிருந்தாள். பிள்ளையிடம் சொல், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்றேன்.

"சரிக்கா. கல்யாணம் முடியட்டும், பாப்போம்."

இந்தத் தீபாவளிக்கு மாமாவுக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவிடம் கேட்டு, பால் சேர்க்காத சாயத்தண்ணியும் சக்கரைக்கட்டியும் வைத்தேன். கவிதா மேசையைப் பிடித்துக்கொண்டு விளக்கேற்றினாள். தங்கச்சி வீடியோவில் வந்தாள். அங்கே மாமாவின் படத்துக்கு முன்னால், தீபாவளிக்கு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பார்க்கும்படி, அரைப் போத்தல் நின்றது. நான் பார்த்துவிட்டதைப் பார்த்ததும் அவள் போனை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். திரை முழுக்க எங்கள் மலை. என் மேசையில் மாமாவின் சாயத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.