தேவாங்கை நினைக்காதிருத்தல்

என் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டின் பின்னட்டையில், கோடை விடுமுறையின் மூன்று தேதிகளுக்கு எதிரே ஒரே வரி இருக்கிறது: "செல்வி ஜெயித்தாள்." கையெழுத்து என்னுடையது. தேதிகள் அடுத்தடுத்தவை.

அந்தக் கோடையில், அரூர்ப் பக்கம் புளி உலுக்கப் போன மாமா ஒரு தேவாங்கைப் பிடித்துவந்தார். கைக்கு அடக்கமான உடம்பு, முகமெல்லாம் கண். வற்றிப்போன கிணற்றின் மோட்டார் அறையில், பழைய கோழிக்கூண்டுக்குள் அதை அடைத்தார். "வெட்டுக்கிளி புடிச்சுப் போட்டு மூணு பேரும் பாத்துக்குங்க. பாரஸ்ட்காரங்களுக்குத் தெரிஞ்சா அல்லாரும் உள்ளதான். வாயத் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்.

மூவர் என்பது பெரியம்மா மகனான அண்ணன், நான், எதிர்வீட்டுச் செல்வி.

மாமாவின் கட்டளையை அண்ணன் மேலும் செம்மைப்படுத்தினான். "வாயத் தொறக்காம இருந்தாப் பத்தாது. அத நெனைக்கவே கூடாது. நெனச்சா அவுட்டு." நினைத்தவர் பொழுது சாய்வதற்குள் மற்றவர்களிடம் வந்து "தோத்தேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறைத்தால் தீர்த்தமலைச் சாமி கண்ணைக் குத்தும். அதைவிட நேர்மையான ஆட்டம் எதையும் நாங்கள் ஆடியதில்லை.

செல்வி தினமும் தோற்றாள். சாயங்காலம் கையில் தீப்பெட்டியோடு, பாவாடையெல்லாம் நாயுருவி ஒட்டிக் கிடக்க வந்து நின்று, "தோத்தேன்" என்பாள்.

"ஏய், உம் மண்டை என்ன மோட்டார் ரூமா? அது அங்கியே குடியிருக்குதா?" என்பான் அண்ணன். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஒருநாள், என்ன ஆட்டமென்றே தெரியாத தெருப்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு "தோத்தாங்குளி" என்று கத்தினார்கள்.

"நாளைக்குப் பாருங்கடா. நானும் ஜெயிக்கறேன்" என்றாள் செல்வி.

ஜெயித்தாள். மூன்று நாள் எங்களோடு நொண்டி ஆடினாள், அதிகம் பேசவில்லை. நான்காம் நாள் ஆட்டத்தின் நடுவே அண்ணன்தான் நின்றான். "தோத்தேன்" என்றான். பிறகு, "டேய், அதுக்கு யாருடா தீனி போடறது?" என்றான்.

எனக்கு அந்தக் கேள்வி அதுவரை வந்ததே இல்லை. நினைப்பதுதான் கூடாதே.

செல்வி அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

தகரக் கூரைக்குக் கீழே அனல். தேவாங்கு இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடியே விறைத்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. கூண்டைச் சுற்றி நிறையத் தீப்பெட்டிகள், எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் வெட்டுக்கிளியின் கால் ஒட்டியிருந்தது. செல்வி குந்தி உட்கார்ந்து, கூண்டைப் பார்த்து, "தோத்தேன்" என்றாள்.

தீனி போட்டவள்தான் தினமும் தோற்றாள் என்பது அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நான் ஒருநாளும் தோற்காதவன்.

செல்வி இப்போது பென்னாகரத்தில் இருக்கிறாள். பார்த்தால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம். அந்த மூன்று நாளும் அவள் உண்மையிலேயே நினைக்கவில்லையா, நினைத்தும் சொல்லாமல் இருந்தாளா என்பதை அவளிடம் கேட்டு உறுதிசெய்ய எனக்குத் துணிவு வரவில்லை. நோட்டில் உள்ளபடி, ஜெயித்தாள்.