ஐஸ்பெட்டிக்குள் போன புத்தகங்கள்

நான் எப்போதும் இரண்டு புத்தகங்களைச் சேர்த்தே படிப்பவள். மெல்லியது தொழிற்சாலை பஸ்ஸுக்கு, தடித்தது வீட்டுக்கு. எங்கள் ஊரான கிளேபாங்கிலிருந்து, தொழிற்சாலை இருக்கும் பத்து பெரண்டாம் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். பக்கத்தில் உட்காருபவர்கள் தூங்குவார்கள், கைப்பேசி பார்ப்பார்கள். என் கணவர் லாரி ஓட்டுகிறார். அவருக்குப் படிக்கும் பழக்கம் இல்லை. மகளுக்கு எல்லாம் கைப்பேசியில்தான். அதனால் என் வாசிப்பு எனக்கு மட்டுமான ஒன்றாக இருந்தது.

சேர்த்து வைப்பதும் அப்படித்தான். சிம்பாங் அம்பாட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் படிப்பகத்தை மூடியபோது, தூக்கிப் போட வைத்திருந்த இரண்டு சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஆரம்பம் அதுதான். பிறகு பழைய பேப்பர் கடை, கோயில் திருவிழாவில் போடும் புத்தகக் கடை, இப்போது சென்னையிலிருந்து வரும் பார்சல். முன்கூடத்துச் சுவர் முழுக்க அலமாரி. தடித்த நாவல்கள் கனம் என்பதால் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். நான் திரும்பத் திரும்பப் படித்தவையும் அவைதான்.

வெள்ளம் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். எனக்கு ஓவர்டைம். கணவர் ஜொகூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். பஸ் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் நுழைய முடியாமல் சாலையிலேயே இறக்கிவிட்டது. முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டைத் திறந்தேன். நாற்காலி மிதந்தது. கீழ்த்தட்டு தண்ணீருக்குள் இருந்தது.

தண்ணீர் மாலைக்குள் வடிந்துவிட்டது. ஆனால் புத்தகங்கள் உப்பி ஒன்றோடொன்று இறுகிப் போயிருந்தன. ஒன்றை இழுத்தேன், முதுகு மட்டும் கையோடு வந்தது. அப்படியே சேற்றுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் ஜொகூர் பாருவில் படிக்கிறாள். போனில் என் குரலைக் கேட்டதும் புரிந்துகொண்டு, எதையோ தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

“அம்மா, இழுக்காதீங்க. அலமாரிப் பலகைய கழட்டி மெதுவா எடுங்க. எடுத்து ஃப்ரீசர்ல வைங்க. பெரிய லைப்ரரியில எல்லாம் அப்படித்தான் செய்றாங்களாம். உறைஞ்சிட்டா பூஞ்சை பிடிக்காது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்துக் காய வைக்கலாம்.”

“ஃப்ரீசர்லயா? புத்தகம் என்ன மீனா?”

வாசலில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நிமிர்ந்தார். கடலோரச் சாலையில் கோக்கனட் ஷேக் கடை வைத்திருப்பவர். அந்தச் சாலை மேடு; கடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“எவ்வளவு பெரிய ஐஸ்பெட்டி வேணுமாம்?” என்றார்.

“அக்கா, உங்க வியாபாரம்...”

“ஊரே சேறா கிடக்கு, யாருமா ஷேக் குடிக்க வருவாங்க? எடு லா, போவோம்.”

நாசி லெமாக் சோறு கட்டும் மெழுகுத்தாளில் ஒவ்வொரு புத்தகமாகச் சுற்றி ரப்பர் போட்டோம். அவருடைய வேனில் ஏற்றினோம். கடையில் இரண்டு ஐஸ்பெட்டிகள். ஒன்றிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாக்களில் முடிந்ததை மற்றதில் அடைத்தார். மிச்சத்தை எங்கள் தாமானுக்குக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தார். மலாய், சீன, தமிழ் வீடுகள் எல்லாம் துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு, சேற்றில் நின்றபடி வெனிலா ஐஸ்கிரீம் தின்றன.

மறுநாள் காலை ஐஸ்பெட்டியைத் திறந்தோம். பொட்டலங்களின் மேல் வெண்பனி படர்ந்திருந்தது. ஒன்றைப் பிரித்தேன். கல் மாதிரி இருந்தது. பெயரிருந்த இடத்தில் பனி மினுங்கியது. விரலால் துடைத்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அதன்பின் நாலைந்தாக வெளியே எடுத்தோம். கடை மேசைமேல் விரித்து நிறுத்தி, விசிறியைப் போட்டு, அவ்வப்போது பக்கம் திருப்ப வேண்டும். நான் வேலைக்குப் போகும் நாட்களில் அக்காதான் அதைச் செய்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். படிக்க நேரமும் இருந்ததில்லை, ஆசையும் இருந்ததில்லை என்று அவரே சொல்வார்.

சில வாரம் கழித்து ஒரு நாள், நான் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குப் போனதும் அக்கா கேட்டார். “ஏம்மா, ரயில் ஏறிப் போனாளே அந்தப் பொண்ணு, கடைசியில கடற்கரையில வீடு கட்டினது அவதானே? அவ புருசன் ஜெயிலேர்ந்து திரும்பி வந்தானா இல்லியா?”

எனக்குக் குழப்பமாக இருந்தது. பிறகு புரிந்தது. ரயில் ஏறியவள் ஒரு நாவல். கடற்கரை வீடு வேறு நாவல். சிறைக்குப் போனவன் மூன்றாவது. பக்கம் திருப்பும்போதெல்லாம் கண்ணில் பட்டதைப் படித்து, எல்லாவற்றையும் ஒரே பெண்ணின் வாழ்க்கையாக அவர் கோத்திருந்தார்.

“அக்கா, அது மூணும் வேற வேற புக்கு.”

“அப்படியா? ஆனா எனக்கு எல்லாம் ஒரே ஆளாத்தான் தெரிஞ்சா. அவ பட்ட பாடு ஒண்ணுக்கொண்ணு சரியாத்தானே வருது?”

அந்த மூன்றையும் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கக்கூடும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

பெரும்பாலானவை பிழைத்தன. அலைஅலையாக நெளிந்து, பழைய கனத்தைவிடத் தடித்து, மூட மறுக்கின்றன. பளபளப்புத் தாளில் அச்சான சில மட்டும் பாளமாக ஒட்டிப்போயின, அவற்றுக்கு வழியில்லை. ரயில் ஏறியவளின் கதையை அக்காவிடம் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னேன்.

போன மாதம் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் யாருமில்லை. அக்கா நெளிந்த தாளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியவில்லை. உதடு அசைந்தது. ஓர் இடத்தில் புருவம் சுருங்கியது, பிறகு சட்டென்று சிரித்தார். எதிர் நாற்காலியில் ஓசைப்படாமல் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் படித்திருக்கிறேன். புத்தகத்துக்குள் மூழ்கியிருக்கும் ஒருவரின் முகம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. மழை விடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.