பஞ்சுக் கண்

அந்தக் குருவியை அழித்தது நான். மரியா அக்கா இல்லை.

நீங்கள் சிரிக்கக்கூடும். அது ஏற்கெனவே செத்த குருவிதானே... உண்மைதான். நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பே செத்தது. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலையில், மேகம் இறங்கி நிற்கும் காட்டில், பூச்சி பிடித்துத் தின்று வாழ்ந்த சின்னஞ்சிறு பறவை. உள்ளே பஞ்சடைத்து, சிட்னியில் ஓர் அருங்காட்சியகத்தின் களஞ்சிய அறையில், பழைய அலுமாரியின் இழுப்பு லாச்சிக்குள் கிடத்தியிருந்தார்கள். அந்த அறையைத் துப்புரவாக்குவது நானும் மன்னார்க்காரியான மரியா அக்காவும்.

ஒருநாள் பொறுப்பாளர் அம்மா லாச்சியை இழுத்துக் காட்டினார். கண்ணிருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு! எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பயப்படுவதற்கு மட்டும் படிப்புத் தேவையில்லை. செத்ததுகளுக்கு நடுவே நின்றுவிட்டு வீட்டில் போய் விளக்கேற்றுகிறேனே... அந்தச் சாவுத் துடக்கு என் பிள்ளைகளைப் பிடிக்காதா?

அதனால் வெள்ளிதோறும் கோயிலில் ஐயர் தரும் பூவை அலுமாரிக்குப் பின்னால் செருகி வைத்தேன். வாடியதை எறிய மனம் வராது. அதன்மேலேயே புதியதை வைப்பேன்.

உணவும் பூவும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். சாமிப் பூவும் அதில் சேரும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே நினைக்கவில்லையா? அப்படியென்றால் ஏன் ஒளித்தேன்?

பிறகு ஒரு காலை, லாச்சியைத் திறந்தார்கள். குருவி இல்லை. கொஞ்சம் தூள், உதிர்ந்த இறகு, இரண்டு மெல்லிய கால்கள். கண்ணுக்குள் இருந்த பஞ்சு மட்டும் அப்படியே... தூளுக்குள் ஏதோ நெளிந்தது. பூச்சி தின்ற குருவியைப் பூச்சி தின்றிருந்தது.

இது வண்டுப் புழு, அந்த வண்டு பூவில் ஏறி வரும், தீன் கிடந்தாலும் வரும் என்றார் பொறுப்பாளர். எங்கள் பைகளைப் பார்த்தார்கள். மரியா அக்காவின் மேற்சட்டைப் பைக்குள் பிஸ்கட் துண்டுகள்.

"எனக்குச் சீனி வருத்தம். தலை சுத்தேக்கை ஒண்டு கடிக்கிறனான்," என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அவரை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுமாரிக்குப் பின்னாலிருந்த பூவையெல்லாம் வழித்தெடுத்து என் கைப்பைக்குள் திணித்தேன்.

அன்றோடு அவருக்கு வேலை போனது.

போன கிழமை வென்ட்வேர்த்வில் ரயில் ஸ்டேஷனடிக் கடையில் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"நீயெண்டாலும் அங்கை நிக்கிறாய், அது காணும். என்ர வாயாலை போன குருவியடி அது. ஞாயிறு பூசையிலை அதுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான். குருவிக்கும் மெழுகுதிரியோ எண்டு வீட்டிலை இவர் பகிடி பண்ணுறார். பிழையே?"

சொல்லியிருக்கலாம். அங்கேயே, அந்த மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே...

"பிழையில்லை அக்கா," என்றேன்.

கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அன்று வெள்ளிக்கிழமை.