அக்கா வாசித்த முடிவு

தொடர்கதை எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மாதக்கணக்கில் ஒரு பெண்ணைக் கடவுளுக்கும் காதலனுக்கும் நடுவில் அந்தரத்தில் நிறுத்திவிட்டு, அவர்கள் மட்டும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் தெருப் பெண்களைப் பாடாய்ப் படுத்தியது அப்படி ஒரு கதைதான்.

நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். அதனால் மாலையில் எங்கள் வீட்டில்தான் எல்லோருக்கும் நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அனந்தபுரத்து அத்தை மகன் பஸ்ஸில் வாரப் பத்திரிகையோடு வருவார். அக்கா விளக்கடியில் உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் போட்டது போட்டபடி வந்துவிடுவார்கள். கதாநாயகி துறவியாகப் போகிறாள், காதலன் காத்திருக்கிறான். "போய்த் தொலையேன்டி அவன்கூட" என்று அவளைத் திட்டுவார்கள்.

அந்தத் திட்டு அக்காவுக்கும் சேர்த்துத்தான். மழைக்காலத்துக்குக் கோயிலில் வந்து தங்கியிருந்த பெண் துறவிகளோடு, மழை ஓய்ந்ததும் தானும் வெள்ளைச் சேலை உடுத்திக் கிளம்பப் போவதாக அவள் சொல்லியிருந்தாள். எங்களைப் பெற்ற நைனாவோ அவளை அத்தை மகனுக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார். அவளுக்கும் அவரைப் பிடிக்கும். பஸ் வருகிற நேரத்தில் அவள் தலை வாரிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியும் ஏன் போகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டால், போகவேண்டும் போலிருக்கிறது என்பாள்.

கடைசி அத்தியாயத்தன்று கூடம் நிறைந்துவிட்டது. மடத்து வாசல்வரை போன கதாநாயகி திரும்பி வந்து காதலன் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று அக்கா வாசித்து முடித்தாள். பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். அத்தை மகன் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு, நான் இருப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் கேட்டார்.

"நான் பஸ்லயே படிச்சிட்டேன். அவ மடத்துக்குள்ள போய்ட்டான்னுதான போட்டிருக்குது? நீ இன்னா மாத்திப் படிக்கிற?"

அவர் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

"மனசு மாறிட்டியா? உங்க நைனாகிட்ட இப்பவே சொல்லட்டா?"

அக்கா பத்திரிகையை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"இல்ல மாமா. நான் போறது போறதுதான். அவளாவது அவன்கூட இருக்கட்டுமேன்னுதான் மாத்திப் படிச்சேன்."